ஒரே அல்பம், வேறு வேறு சீடி: சத்தம் எங்கே மாறுகிறது?

பழைய ரொக் சீடி சேர்ப்பவர்கள் இரண்டு பேர் சேர்ந்தால் சில வசனங்கள் கட்டாயம் வரும். "ஜப்பான் சீடி என்றால் தனிச் சத்தம்." "மேற்கு ஜேர்மனி என்று போட்டிருந்தால் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம்." "ரீமாஸ்டர் வந்த பிறகு பழசு எதற்கு?" இவற்றில் கொஞ்சம் உண்மை இருக்கிறது. ஆனால் அதற்குச் சொல்லப்படும் காரணம் பெரும்பாலும் பிழை.

கொழும்பில் இந்தக் கேள்வி அடிக்கடி எழுவதற்கு ஒரு காரணம் உண்டு. இங்கே வீடுகளில் இருக்கும் அசல் ரொக் சீடிகள் பல, யாரோ ஒருவருடைய பயணப்பெட்டியில் வந்தவை. லண்டனில் இருந்து அண்ணா கொண்டுவந்தது, ரொறன்ரோவில் இருந்து மாமி அனுப்பியது, சிங்கப்பூரில் இறங்கி ஏறும்போது வாங்கியது. அதனால் வெள்ளவத்தையில் ஒருவரிடம் பிரித்தானியச் சீடி, தெஹிவளையில் அவருடைய சிநேகிதரிடம் அதே அல்பத்தின் கனடாச் சீடி. இரண்டையும் ஒரே பிளேயரில் மாறி மாறிப் போட்டால் சில வேளை வித்தியாசம் வடிவாகக் கேட்கிறது, சில வேளை துளியும் இல்லை. ஏன் அப்படி என்பதும், அதை வீட்டில் இருந்தபடி எப்படிச் சோதிப்பது என்பதும்தான் இந்தக் கட்டுரை.

மறுபதிப்பும் திருத்திய பதிப்பும்

ஒரு நாவலை எடுத்துக்கொள்ளுங்கள். கோத்த பக்கங்களை அப்படியே வைத்துக்கொண்டு சென்னையில் ஒரு தடவை, கொழும்பில் ஒரு தடவை அச்சடித்தால் தாளும் அட்டையும் மாறும். உள்ளே ஓர் எழுத்தும் மாறாது. அதே நாவலைப் பதிப்பாசிரியர் ஒருவர் உட்கார்ந்து திருத்தி, சில இடங்களைச் சுருக்கி, புதிதாக எழுத்துக் கோத்து வெளியிட்டால் அது வேறு வாசகம். முதலாவது மறுபதிப்பு, இரண்டாவது திருத்திய பதிப்பு.

சீடியில் மறுபதிப்பின் இடத்தில் இருப்பது பிரஸ்ஸிங். ஓர் ஆலையில் ஓர் அச்சை வைத்து வார்த்த சீடிகளின் தொகுதிக்கு அந்தப் பெயர். திருத்திய பதிப்பின் இடத்தில் இருப்பது மாஸ்டரிங். குரலையும் கிற்றாரையும் ட்ரம்ஸையும் கலந்து முடித்த இறுதி நாடாவை எடுத்து, அது எவ்வளவு சத்தமாக இருக்க வேண்டும், உயர்ந்த ஒலியும் தாழ்ந்த ஒலியும் எந்த அளவில் நிற்க வேண்டும், பாட்டுக்குப் பாட்டு எவ்வளவு இடைவெளி என்றெல்லாம் தீர்மானிக்கும் வேலை அது. அதே இறுதி நாடாவை வைத்து அந்த வேலையைப் பின்னொரு காலத்தில் மறுபடி செய்தால் ரீமாஸ்டர்.

மூன்றாவதாக ஒன்றும் உண்டு. இறுதி நாடாவுக்கும் பின்னால் போய், தனித்தனியாகப் பதிந்த குரலையும் வாத்தியங்களையும் எடுத்துப் புதிதாகக் கலப்பது ரீமிக்ஸ். ரஷ் குழுவின் 'வேப்பர் டிரெயில்ஸ்' 2002இல் அளவுக்கு மீறிய இரைச்சலோடு வந்தது. மாஸ்டரிங்கை மட்டும் மாற்றி அதைச் சரிசெய்ய முடியாமல் 2013இல் முழு அல்பத்தையும் ரீமிக்ஸ் செய்தே வெளியிட்டார்கள். கடைக்காரர்கள் ரீமிக்ஸையும் ரீமாஸ்டரையும் ஒன்றாகப் போட்டுக் குழப்புவார்கள். அட்டையின் சிறிய எழுத்தை வாசித்துவிட்டு வாங்குங்கள்.

ஆக, சீடிக்குச் சீடி காதில் விழும் வித்தியாசத்தில் ஏறக்குறைய முழுவதும் மாஸ்டரிங்கில் இருந்து வருகிறது. நாடும் ஆலையும் அந்த மாஸ்டரிங் எது என்று கண்டுபிடிக்க உதவும் தடயங்கள் மட்டுமே.

சீடியில் இருப்பது எண்கள்

பிரஸ்ஸிங் ஏன் ஒலியை மாற்றுவதில்லை என்று விளங்க, சீடி எப்படி வேலை செய்கிறது என்று கொஞ்சம் பார்க்க வேண்டும்.

பிலிப்ஸும் சோனியும் சேர்ந்து வகுத்த விதிப்படி, சீடியில் ஒலி அலையின் உயரம் ஒரு செக்கனுக்கு 44,100 தடவை அளக்கப்படுகிறது. இடது பக்கத்துக்கு ஒன்று, வலது பக்கத்துக்கு ஒன்று. ஒவ்வோர் அளவும் 16 பிட் எண். அதாவது மைனஸ் 32,768க்கும் 32,767க்கும் இடையில் ஏதோ ஒரு முழு எண். இந்த ஒற்றை அளவுக்குச் சாம்பிள் என்று பெயர்.

ஆலையில் இந்த எண்களைக் கண்ணாடித் தட்டொன்றில் லேசரால் எழுதி, அதில் இருந்து நிக்கல் அச்சு எடுத்து, உருகிய பொலிகாபனேற்றை அந்த அச்சில் அழுத்தி வார்க்கிறார்கள். நுண்ணிய பள்ளங்கள் விழுந்த பக்கத்தில் மெல்லிய அலுமினியப் பூச்சு, அதன் மேல் அரக்குப் பூச்சு, அதற்கும் மேல் படமும் எழுத்தும். பிளேயரின் லேசர் கீழிருந்து 1.2 மில்லிமீற்றர் பிளாஸ்டிக்கை ஊடுருவி அந்தப் பள்ளங்களை வாசிக்கிறது.

வார்ப்பு கொஞ்சம் முன்பின்னாக இருந்தாலும், மேலே கீறல் விழுந்தாலும் என்ன ஆகும்? எண்களோடு சேர்த்துச் சரிபார்ப்பு எண்களும் சீடியில் கலந்து எழுதப்பட்டிருக்கின்றன. பாதையின் வழியே சுமார் 2.5 மில்லிமீற்றர் நீளத்துக்குத் தொடர்ச்சியாக வாசிக்க முடியாமல் போனாலும், அந்த எண்களை வைத்து விடுபட்டவற்றை மிகச் சரியாக மீட்டுவிடலாம். இந்த ஏற்பாட்டுக்குப் பிழைதிருத்தம் என்று பெயர். அதன் எல்லைக்குள் இருக்கும் வரை, ஜப்பான் ஆலையில் வார்த்ததும் அமெரிக்க ஆலையில் வார்த்ததும் ஒரே எண்களைத்தான் தரும். எல்லை தாண்டினால் பிளேயர் பக்கத்து எண்களைப் பார்த்து ஒன்றை ஊகித்துப் போடும், அல்லது வாயடைத்துவிடும். 'டிக்' என்று வெட்டும், பாட்டுத் துள்ளும். "பாஸ் கொஞ்சம் மெதுவாகிவிட்டது", "குரல் பின்னுக்குப் போய்விட்டது" மாதிரி நாசூக்கான மாற்றங்கள் இந்த வழியாக வருவதில்லை.

தங்கச் சீடி, விசேஷப் பொலிகாபனேற்றில் செய்த ஜப்பானிய எஸ்.எச்.எம். சீடி என்று கூடுதல் விலைக்கு விற்பவையும் இதற்கு விலக்கல்ல. மொபைல் ஃபிடெலிட்டி நிறுவனத்தின் தங்கச் சீடிகள் வேறு மாதிரிக் கேட்பது உண்மைதான். அவர்கள் புதிதாக மாஸ்டரிங் செய்தார்கள். வித்தியாசம் அங்கே இருக்கிறது, தங்கத்தில் இல்லை.

மாஸ்டரிங்கில் மாறுவது என்ன

முதலில், எந்த நாடா. 1980களில் பழைய அல்பங்களைச் சீடிக்கு மாற்றும்போது, பல நிறுவனங்கள் கைக்கு அகப்பட்ட நாடாவை எடுத்தன. சில வேளை அது இசைத்தட்டு வெட்டுவதற்கென்று ஒலிச் சமநிலை, அதாவது உயர்ந்த ஒலிக்கும் தாழ்ந்த ஒலிக்கும் உள்ள அளவு, மாற்றிய பிரதி. சில வேளை வேறு நாட்டுக் கிளைக்கு அனுப்பிய பிரதியின் பிரதி. காந்த நாடாவைப் பிரதி எடுக்கும் ஒவ்வொரு தடவையும் 'ஸ்ஸ்' என்ற நாடா இரைச்சல் கூடும், மேல் ஒலிகள் கொஞ்சம் மழுங்கும். ஒரே அல்பத்தின் ஜப்பான் சீடியும் அமெரிக்கச் சீடியும் உண்மையிலேயே வேறுபடும்போது காரணம் பெரும்பாலும் இதுதான்: இரண்டு நாட்டில் இரண்டு நாடா. நாடு ஒலியைத் தீர்மானிப்பது போலத் தோன்றுவதும் இதனால்தான்.

அடுத்தது ஒலிச் சமநிலை. எந்தச் சுருதி எல்லையைத் தூக்குவது, எதை இறக்குவது என்பது மாஸ்டரிங் பொறியியலாளரின் காதும் ரசனையும் சம்பந்தப்பட்ட விஷயம். பாஸையும் உச்ச ஒலியையும் தூக்கி நடுப்பகுதியை அப்படியே விட்டால், கேட்ட உடனே 'தெளிவாக' இருப்பதாகத் தோன்றும். அரை மணித்தியாலத்தில் காது களைக்கும்.

நாடா இரைச்சலைக் குறைக்கிறோம் என்று கணினியால் துடைப்பதும் உண்டு. அளவோடு செய்தால் தெரியாது. மிஞ்சினால் ட்ரம்ஸோடு இருக்கும் சிம்பல் என்ற உலோகத் தட்டின் மினுக்கமும் அறையின் எதிரொலியும் சேர்ந்து துடைபட்டுப் போகும்.

மேலே சொன்ன மூன்றையும் விடப் பெரிய சண்டை நடப்பது அடுத்த விஷயத்தில்தான்.

உரப்பு என்ற பொறி

உரப்பு என்பது ஓர் ஒலி காதுக்கு எவ்வளவு சத்தமாகப் படுகிறது என்பது. அதை டெசிபல் என்ற அலகில் சொல்வார்கள். சீடியில் எண்ணுக்கு ஓர் உச்ச வரம்பு உண்டு. 32,767க்கு மேல் எழுத இடமில்லை. ஆகவே ட்ரம்ஸின் ஓர் அடி அந்த வரம்பைத் தொட்டுவிட்டால் அல்பத்தை அதற்கு மேல் சத்தமாக்க முடியாது.

முடியாது என்றால் விடுவார்களா? ட்ரம்ஸ் அடியின் கூர்முனையைக் கண நேரத்தில் அமுக்கிவிட்டால் மேலே இடம் கிடைக்கும்; அந்த இடத்துக்கு முழுப் பாட்டையும் தூக்கிவிடலாம். அப்படி அமுக்கும் கருவிக்கு லிமிட்டர் என்று பெயர். கொஞ்சமாகச் செய்தால் தீங்கில்லை. 1990களின் நடுவில் இருந்து ஒவ்வொரு நிறுவனமும் அடுத்தவரின் சீடியை விடத் தங்களுடையது சத்தமாக ஒலிக்க வேண்டும் என்று ஓடத் தொடங்கியபோது, அமுக்குதல் அளவு மீறியது. கணினியில் அலைவடிவத்தைத் திறந்து பாருங்கள். 1980களின் சீடி ஈட்டி ஈட்டியாக நிற்கும். 2000களின் பல சீடிகள் மேலும் கீழும் சீவிய செங்கல் மாதிரி இருக்கும். உச்சி சீவப்பட்டு அலை தட்டையாக நிற்பதற்குக் கிளிப்பிங் என்று பெயர். காதுக்கு அது கரகரப்பாக வரும்.

இதற்கு எல்லாரும் காட்டும் உதாரணம் மெட்டாலிக்காவின் 'டெத் மக்னெட்டிக்', 2008. அதே பாட்டுகள் 'கிற்றார் ஹீரோ' என்ற கணினி விளையாட்டிலும் வந்தன. அந்த வடிவத்தில் அமுக்குதல் குறைவாக இருந்ததால் விசிறிகள் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, அல்பத்தைத் திருத்தி வெளியிடச் சொல்லி மனுப் போட்டார்கள். மாஸ்டரிங் செய்த டெட் ஜென்சன், கலவை தன் கைக்கு வரும்போதே அப்படித்தான் இருந்தது என்று சொன்னார். நிர்வானாவின் 'நெவர்மைண்ட்' 1991 சீடியையும் 2011 ரீமாஸ்டரையும் ஒப்பிட்டாலும் இந்த அமுக்குதல் கேட்கும். இரண்டாவது சத்தமானது, ட்ரம்ஸின் துள்ளல் குறைந்தது.

இதில் பொறி எங்கே? ஒரே பாட்டை ஒரு டெசிபல் கூட்டி ஒலிக்கவிட்டால், "சத்தம் கூடிவிட்டது" என்று நமக்குத் தோன்றாது. "தெளிவாக இருக்கிறது, பாஸ் நன்றாக வருகிறது" என்றே தோன்றும். தாழ்ந்த ஒலிகளையும் மிக உயர்ந்த ஒலிகளையும் குறைந்த சத்தத்தில் காது சரியாகப் பிடிப்பதில்லை. சத்தம் கூடக் கூட அவை முன்னுக்கு வரும். எனவே வால்யூமைத் தொடாமல் இரண்டு சீடியை மாறி மாறிப் போட்டுக் கேட்டால், சத்தமானதுதான் வெல்லும். ரீமாஸ்டரைப் பற்றிய பாதிப் புகழ் இப்படி வந்தது.

சுருக்கம்: நாடா, ஒலிச் சமநிலை, இரைச்சல் நீக்கம், அமுக்குதல் என்ற நான்கும்தான் சீடிக்குச் சீடி மாறுகின்றன. அவற்றை ஒப்பிட முன் உரப்பைச் சமப்படுத்தாவிட்டால் மற்ற எதுவும் சரியாகக் கேட்காது.

உள்வளையத்தை வாசிப்பது

அட்டையில் போட்டிருக்கும் ஆண்டை நம்ப வேண்டாம். வட்டத்துக்குள் பி போட்ட ஆண்டு ஒலிப்பதிவின் உரிமை ஆண்டு. 1985 என்று போட்டுக்கொண்டே 2005இலும் சீடி வார்க்கலாம்.

சீடியின் பளபளப்பான பக்கத்தைத் திருப்பி, நடுத் துளையைச் சுற்றியுள்ள வளையத்தை வெளிச்சத்தில் சரித்துப் பாருங்கள். பட்டியல் எண்ணோடு சேர்ந்த ஓர் எழுத்து வரிசை பொறித்திருக்கும். இது மட்ரிக்ஸ் எண். எந்தக் கண்ணாடித் தட்டில் இருந்து வந்தது என்று சொல்லும். இரண்டு சீடிக்கும் மட்ரிக்ஸ் எண் ஒன்றேயானால் உள்ளே இருப்பதும் ஒன்றே. எண் வேறானால் மாஸ்டரிங்கும் வேறு என்று முடிவுகட்ட முடியாது. ஒரே மாஸ்டரிங்கைப் பல ஆலைகள் வார்த்திருக்கலாம்.

அதே இடத்தில் 'ஐ.எஃப்.பி.ஐ.' என்று தொடங்கும் குறியீடு இருக்கிறதா என்று பாருங்கள். 1994இல் கள்ளச் சீடியைத் தடுக்க, அந்தப் பெயருள்ள சர்வதேச ஒலிப்பதிவுத் தொழில் சங்கத்தின் ஏற்பாட்டில் ஆலைகளுக்குக் கொடுத்த அடையாளம் அது. ஐ.எஃப்.பி.ஐ.க்குப் பின் 'எல்' எழுத்து வந்தால் மாஸ்டர் தட்டுச் செய்த இடத்தின் குறியீடு. மற்றது வார்ப்பு இயந்திரத்தின் குறியீடு. இந்தக் குறியீடு இருந்தால் சீடி 1994இலோ அதற்குப் பிறகோ வார்த்தது. வார்ப்புக் குறியீடு மட்டும் இருந்து எல் குறியீடு இல்லாவிட்டால், பழைய தட்டை வைத்துப் பின்னாளில் வார்த்ததாக இருக்கலாம். புதிய சீடி, பழைய மாஸ்டரிங். வாங்குபவருக்கு இது நல்ல செய்தி: கீறலும் குறைவு, விலையும் குறைவு.

சில அல்பங்களில் இதைவிட இலகுவான தடயங்கள் உண்டு. 'நெவர்மைண்ட்' முதற் சீடிகளில் கடைசிப் பாட்டுக்குப் பின் நீண்ட மௌனத்தைத் தாண்டி வரும் ஒளித்து வைத்த பாட்டு இல்லை; தவறுதலாக விடுபட்டது, பிறகு சேர்த்தார்கள். பாட்டின் நீளத்தைப் பார்த்தாலே விளங்கிவிடும்.

கொழும்பில் முதலில் பார்க்க வேண்டியது: அசலா?

நடைபாதைக் கடைகளிலும் பழைய புத்தகக் கடைகளின் மூலைகளிலும் கிடைக்கும் சீடிகளில் கொப்பியும் கலந்திருக்கும். கொப்பியையும் அசலையும் ஒப்பிட்டுவிட்டு "பிரஸ்ஸிங் வித்தியாசம்" என்று பேசுவது வீண் வேலை.

வாசிக்கும் பக்கம் நீலமாகவோ பச்சை கலந்தோ ஊதாவாகவோ தெரிந்தால் அது வீட்டிலோ கடையிலோ எரித்த சீடி. வெள்ளியாக இருந்து, மட்ரிக்ஸ் எண்ணும் ஐ.எஃப்.பி.ஐ. குறியீடும் இல்லாமல், அட்டை ஸ்கேன் எடுத்தது போல மங்கலாக இருந்து, அல்பம் 1994க்குப் பிந்தியது என்றால் சந்தேகப்படலாம். எந்தச் சுருதியில் எவ்வளவு ஒலி இருக்கிறது என்று காட்டும் சுருதி வரைபடத்தைக் கணினியில் திறந்து பார்ப்பது இன்னும் உறுதி. எம்.பி.3 கோப்பில் இருந்து எரித்த சீடியில் பெரும்பாலும் 16,000 ஹேர்ட்ஸ் அளவில் கத்தியால் வெட்டியது போல ஒரு கோடு நிற்கும். அதற்கு மேல் வெறுமை. அசல் சீடியில் 20,000 ஹேர்ட்ஸை அண்டும் வரை ஏதாவது இருக்கும்.

ஒப்பிடும் முறை

தேவையானவை: டிஸ்க் ட்ரைவ் உள்ள கணினி, ஓரளவு நல்ல ஹெட்போன், இலவச மென்பொருள் மூன்று. இப்போதைய மடிக்கணினிகளில் ட்ரைவ் இல்லை. பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசா போன்ற கணினிக் கடைத் தொகுதிகளில் யூ.எஸ்.பி. டீ.வீ.டி. ரைட்டர் ஒன்றைக் கேட்டு வாங்கலாம். மென்பொருள்கள்: சீடியைக் கோப்பாக எடுக்க எக்ஸாக்ட் ஓடியோ கொப்பி, அலையைப் பார்த்து வெட்ட ஓடாசிட்டி, அளந்து கேட்க ஃபூபார் 2000.

முதலில் இரண்டு சீடியையும் எக்ஸாக்ட் ஓடியோ கொப்பியில் பாதுகாப்பான வாசிப்பு முறையில் கணினிக்கு எடுங்கள். தரவைச் சுருக்காத வேவ் கோப்பாக எடுக்க வேண்டும், எம்.பி.3 ஆக அல்ல. முடிந்ததும் வரும் அறிக்கையில் ஒவ்வொரு பாட்டுக்கும் உச்ச அளவு வீதத்தில் போட்டிருக்கும்: 78.4, 91.2, 66.9 என்ற மாதிரி. இரண்டு சீடியிலும் எல்லாப் பாட்டுக்கும் இந்த எண்கள் புள்ளிக்குப் பின்னும் ஒத்துப்போனால், மாஸ்டரிங் ஒன்றேதான் என்று ஏறக்குறைய உறுதியாகச் சொல்லலாம். எல்லாப் பாட்டும் 100.0 என்று வந்தால் இந்தச் சோதனை உதவாது; ஆனால் அதுவே லிமிட்டரின் கைவரிசைக்கு ஓர் அறிகுறி. குறைந்த உச்ச அளவைக் குறையாக எண்ண வேண்டாம். உச்சம் 50 வீதத்தில் நின்றால் இழப்பது 16 பிட்டில் ஒன்று மட்டும்.

எண்கள் ஒத்தால் அதை உறுதிப்படுத்த நீக்கல் சோதனை செய்யலாம். ஒரே பாட்டின் இரண்டு கோப்பையும் ஓடாசிட்டியில் ஒன்றன்கீழ் ஒன்றாகத் திறவுங்கள். முதல் ட்ரம்ஸ் அடியில் சாம்பிள் புள்ளிகள் தெரியும் வரை பெரிதாக்கி, ஒன்றை நகர்த்தி மற்றதோடு பொருத்துங்கள். ஒன்றுக்கு 'இன்வேர்ட்' கொடுத்தால் அலை தலைகீழாகும். இரண்டையும் சேர்த்து ஒலிக்கவிடுங்கள். எண்கள் ஒன்றேயானால் ஒன்றை ஒன்று கழித்து முழு நிசப்தம் வரும். அப்போது விவாதம் முடிந்தது: இரண்டும் ஒரே ஒலி. எந்த நாட்டில் வார்த்ததென்பது இனி ஒரு பொருட்டல்ல. அட்டை நல்லதாக இருப்பதை வைத்துக்கொண்டு மற்றதைக் கொடுத்துவிடலாம்.

நகர்த்துவது ஏன் தேவை என்றால், ஒரே மாஸ்டரிங்கை வார்க்கும் ஆலைகள் பாட்டின் தொடக்கத்தைச் சில நூறு சாம்பிள் முன்பின்னாக எழுதிவிடும். காதுக்கு அது தெரியாது. சோதனையில் ஒரே ஒரு சாம்பிள் விலகினாலும் உச்ச ஒலிகள் மட்டும் 'ஸ்ஸ்' என்று மிஞ்சும். அதைப் பார்த்து "வேறு மாஸ்டரிங்" என்று முடிவெடுத்துவிடாதீர்கள். நிசப்தம் வராமல், பாட்டு முழுமையாக ஆனால் மெலிதாகக் கேட்டால் ஒன்று மற்றதை விடச் சத்தமானது. அளவைச் சரிசெய்து மறுபடி முயலுங்கள். தொடக்கத்தில் கழிந்து, போகப் போக விலகி, ஒரு சுழற்றல் ஓசை வந்தால் நாடாவைத் தனித்தனியாக இரண்டு தடவை ஓட்டி எடுத்திருக்கிறார்கள். நாடா ஓடும் வேகம் இரண்டு தடவையும் அச்சொட்டாக ஒன்றாயிராது.

எண்கள் ஒத்துவரவில்லை என்றால் இனிக் காதுக்கு வேலை. இரண்டு கோப்பிலும் ஒரே 30 முதல் 60 செக்கன் பகுதியை வெட்டி எடுங்கள். குரலும் ட்ரம்ஸும் சேர்ந்து வரும் இடமாக இருந்தால் நல்லது. ஃபூபாரில் ரீப்ளேகெய்ன் என்ற உரப்பு அளவீட்டைக் கொடுத்தால் ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் வரும். ஒன்றுக்கு மைனஸ் 2.1, மற்றதுக்கு மைனஸ் 9.4 என்று வந்தால், இரண்டாவது 7.3 டெசிபல் சத்தமானது. ஓடாசிட்டியில் 'அம்ப்ளிஃபை' திறந்து அந்தச் சத்தமானதை மைனஸ் 7.3 ஆக்குங்கள். மெதுவானதைத் தூக்கக் கூடாது. வரம்பில் முட்டிக் கிளிப்பிங் வந்துவிடும். அரை டெசிபல் விட்டாலும் தீர்ப்புச் சாயும். மறுபடி அளந்து, இரண்டும் 0.1 டெசிபலுக்குள் வந்தனவா என்று பாருங்கள்.

பிறகு, எது எது என்று தெரியாமல் கேட்க வேண்டும். ஃபூபாருக்கு ஏ.பி.எக்ஸ். என்ற இணைப்பு இருக்கிறது. ஏ ஒரு சீடி, பி மற்றது, எக்ஸ் இரண்டில் ஏதோ ஒன்று. எக்ஸ் எதுவென்று நீங்கள் சொல்ல வேண்டும். 16 தடவையில் 12 சரியானால், குருட்டு அதிர்ஷ்டத்தால் அப்படி வருவதற்கான வாய்ப்பு 4 வீதத்துக்கும் குறைவு. 16இல் 9 என்றால் காசு சுண்டியதற்கும் அதற்கும் பெரிய வித்தியாசமில்லை. எத்தனை தடவை என்பதைத் தொடங்க முன்னரே முடிவுசெய்யுங்கள். நல்ல எண்ணிக்கை வந்ததும் நிறுத்துவது தன்னைத்தானே ஏமாற்றுவது. ஏ.பி.எக்ஸ். வித்தியாசம் இருக்கிறதா என்று மட்டும்தான் சொல்லும். எது பிடித்திருக்கிறது என்பதை அதற்குப் பிறகு ஆறுதலாகக் கேட்டு முடிவுசெய்யலாம்.

வழமையாகப் பிழைக்கும் இடங்கள்

முன்னழுத்தம்தான் முதற் சந்தேக நபர். ஆரம்பகாலச் சீடிகள் சிலவற்றில் 3,000 ஹேர்ட்ஸுக்கு மேற்பட்ட ஒலிகளைத் தூக்கிப் பதிந்து, கூடவே ஓர் அடையாளக் கொடியும் வைத்திருப்பார்கள். பிளேயர் அந்தக் கொடியைக் கண்டதும் அதே அளவுக்கு இறக்கிவிடும். கணினிக்கு எடுக்கும்போது அந்த இறக்கம் நடப்பதில்லை. 10,000 ஹேர்ட்ஸில் ஏழரை டெசிபல், 20,000இல் ஒன்பதுக்கு மேல் தூக்கியபடியே கோப்பு வந்து சேரும். 1983இல் ஜப்பானில் வெளிவந்து பின்னர் மீளப் பெறப்பட்ட பீட்டில்ஸின் 'அபி ரோட்' சீடி இந்த வகை. "ஜப்பான் சீடியில் சிம்பல் என்ன மாதிரிப் பளிச்சிடுகிறது" என்று யாராவது கோப்பைக் கேட்டுச் சொன்னால் இதை முதலில் சோதியுங்கள். எக்ஸாக்ட் ஓடியோ கொப்பி எழுதும், பாட்டுகளின் விபரம் அடங்கிய கியூ கோப்பில் 'ஃப்ளாக்ஸ் பிரே' என்ற வரி இருந்தால் முன்னழுத்தம் உண்டு. சொக்ஸ் என்ற இலவச மென்பொருளின் 'டிஎம்ஃப்' கட்டளை அதைச் சரிசெய்யும்.

டீ.ஆர். (டைனமிக் ரேஞ்ச்) எண்ணைப் பார்த்தே தீர்ப்புச் சொல்வது அடுத்தது. உச்சத்துக்கும், பாட்டின் சத்தமான பகுதிகளின் சராசரிக்கும் உள்ள இடைவெளி அது. 13, 14 என்றால் அமுக்குதல் குறைவு, 5, 6 என்றால் கடுமை. பயனுள்ள எண்தான். ஆனால் எந்த நாடா, என்ன ஒலிச் சமநிலை என்பதைப் பற்றி அது ஒன்றும் சொல்லாது. மூன்றாம் தலைமுறைப் பிரதியில் இருந்து எடுத்த மழுங்கிய சீடிக்கும் டீ.ஆர். 14 வரலாம்.

கணினியிலோ அம்ப்ளிஃபயரிலோ 'பாஸ் பூஸ்ட்', 'லவுட்னஸ்' பொத்தான் போட்டபடி ஒப்பிடுவதும் உண்டு. அணைத்துவிடுங்கள், அவ்வளவுதான்.

கொழும்பின் ஈரப்பதம் தனிக் கதை. சீடியின் வாசிக்கும் பக்கத்தில் 1.2 மில்லிமீற்றர் பிளாஸ்டிக் காவல் இருக்கிறது. படம் உள்ள பக்கத்தில் காவல் ஒரு மெல்லிய அரக்குத்தான். மேலே விழும் கீறலும் விளிம்பால் நுழையும் ஈரமும் நேரே அலுமினியத்தைத் தொடும். வெளிச்சத்துக்குப் பிடித்துப் பார்த்தால் ஊசித் துளைகள் தெரிகிறதா என்று வாங்க முன் பாருங்கள். இங்கிலாந்தில் பிளாக்பேர்னில் இருந்த பீ.டி.ஓ. ஆலையில் 1988க்கும் 1993க்கும் இடையில் வார்த்த சில சீடிகள் விளிம்பில் இருந்து வெண்கல நிறமாகிக் கெட்டுப்போகின்றன. லண்டனில் இருந்து வந்த சீடிகளில் 'மேட் இன் யூ.கே. பை பீ.டி.ஓ.' என்ற வரியைக் கண்டால் நிறத்தைக் கவனியுங்கள். அழுக்கும் பூஞ்சணமும் மட்டும் என்றால், இளஞ்சூட்டுத் தண்ணீரில் ஒரு துளி பாத்திரம் கழுவும் திரவம் போட்டு, மென்மையான துணியால் நடுவில் இருந்து விளிம்பை நோக்கி நேராகத் துடைக்க வேண்டும். வட்டமாகத் துடைத்தால் உண்டாகும் கீறல் பாதையின் வழியே ஓடும். பிழைதிருத்தத்தால் தாங்க முடியாதது அந்த மாதிரிக் கீறல்தான். நெயில் பொலிஷ் நீக்கியும் தின்னரும் பொலிகாபனேற்றைக் கரைத்துவிடும், கிட்டவும் கொண்டுபோகாதீர்கள்.

எதைக் கேட்பது

"எது நல்லது" என்று பொதுவாகக் கேட்டால் காது தடுமாறும். ஸ்நேர் ட்ரம்மின் அடியை மட்டும் பின்தொடருங்கள்: அது மற்ற வாத்தியங்களுக்கு மேலே துள்ளி எழுகிறதா, அவற்றோடு அமுங்கிக் கிடக்கிறதா? இது அமுக்குதலைக் காட்டும். குரலில் 'ஸ', 'ச' வரும் இடங்கள் குத்தினால் உச்ச ஒலியைத் தூக்கியிருக்கிறார்கள். பாட்டு மங்கி முடியும் கடைசிப் பத்து செக்கனில் வால்யூமைக் கூட்டிப் பாருங்கள்: இரைச்சல் நீக்கம் மிஞ்சியிருந்தால் நாடாவின் 'ஸ்ஸ்' பாட்டோடு சேர்ந்து மங்காமல் திடீரென்று அறுந்து நிற்கும். பாஸ் கிற்றாரின் சுரங்கள் ஒவ்வொன்றாகப் பிரிந்து கேட்கின்றனவா, ஒரே உருளலாக வருகின்றனவா என்பது ஒலிச் சமநிலையைப் பற்றிச் சொல்லும்.

கடையில் நிற்கும்போது இதில் எதையும் செய்ய முடியாது. அதனால் வீட்டில் உள்ள ஒவ்வொரு சீடிக்கும் பட்டியல் எண், மட்ரிக்ஸ் எண், பாட்டுகளின் உச்ச அளவுகள் மூன்றையும் தொலைபேசியில் ஒரு குறிப்பாக வைத்திருங்கள், உள்வளையத்தின் படத்தோடு. கடையில் இன்னொரு பிரதி அகப்பட்டால் பெட்டியைத் திறந்து வளையத்தைப் பார்க்கக் கேளுங்கள். மட்ரிக்ஸ் எண் ஒத்திருந்தால் காசை மிச்சம் பிடிக்கலாம்; வேறானால் கொஞ்சம் பேரம் பேசி வாங்கிப்போய்ச் சோதிக்கலாம்.